எழுதிக் கொடுத்தவர்

படத்தில் இருக்கிற ஆள் குற்றாலிங்கம் இல்லையென்றால் நிலம் திரும்பி வந்துவிடும், குற்றாலிங்கமேதான் என்றால் நிலம் போனது போனதுதான் என்று வக்கீல் பீர்முகம்மது காலையில் படியேறும்போதே சொல்லிவிட்டார். கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி லேசாகச் சொன்னார். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் யக்கா. உள்ள பதிவாளர் அம்மா கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டுவாங்க. இவரு எம் வீட்டுக்காரரு இல்லன்னு ஒத்த வார்த்த. மிச்சத்தச் சட்டம் பாத்துக்கிடும்." ஆவுடைத்தங்கம் தலையாட்டிவிட்டு மாவட்டப் பதிவாளர் அலுவலக நடையில் கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒத்த வார்த்தை. இல்லை. தினமும் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிற சொல்தான். அவள் சமைக்கிற கல்லூரி விடுதியில் பிள்ளைகள் தட்டை நீட்டி இன்னொரு அப்பளம் இருக்கா என்று கேட்டால் இல்லை என்கிறாள், வாசலில் சேலைக்காரன் வந்து நின்றால் இல்லை என்கிறாள், யாராவது புது ஆள் வீட்டுக்காரர் ஊரிலா இருக்கிறார் என்று கேட்டால் மட்டும் இல்லை என்பதற்குப் பதிலாக வெளியூர்ல என்கிறாள். அந்த ஒரு இடத்தில் மட்டும் நாக்கு அந்தச் சொல்லுக்கு வளையாது. இன்றைக்கு அதே இடத்தில்தான் வளைக்கச் சொல்கிறார்கள். தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் எதிலோ இடித்துக்கொண்டது. மடியில் துணிப்பை. பைக்குள் கல்யாணப் போட்டோ, அவருடைய லைசென்ஸ் நகல், அப்புறம் அந்தப் பத்திர நகல். வெளியே எடுக்கக் கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே நினைத்திருந்தாள். எடுத்துவிட்டாள்.

நகலில் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்புக் கட்டம்தான் இருந்தது. எந்திரம் மையை அள்ளிப் பூசியிருந்தது. எழுதிக் கொடுப்பவர் என்று மேலே அச்சு, கீழே குற்றாலிங்கம் என்று கையெழுத்து, நடுவே அந்தக் கருப்பு. இந்த ஆறேழு மாதமாக எத்தனை தடவை அதை வெயிலில் பிடித்துப் பார்த்திருப்பாள். சாய்த்துப் பிடித்தால் ஒரு காது தெரிகிற மாதிரி இருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நெற்றி. ஒருநாள் சமையற்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கருப்புக்குள்ளிருந்து அவர் சிரிக்கிற மாதிரியே தெரிந்து, அடுப்பில் பால் பொங்கி வழிந்து, வார்டன் வந்து சத்தம்போட்டாள். உமா மட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கருப்பே வீட்டுக்குள் வந்திருக்காது. மகள் உமாசங்கரி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள், கெட்டிக்காரி. ராணிபுரத்துக் காலி மனையில் இரண்டு அறையாவது கட்டிப்பிடலாம்மா, பேங்குல கேட்டுப் பாக்கேன் என்று கம்ப்யூட்டர் கடையில் சான்று எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எம்மா, நம்ம எடத்த வித்துருக்காங்கம்மா. போன ஐப்பசியில. அப்பா பேர்ல எவனோ கையெழுத்துப் போட்டு வித்துருக்கான்." அவள் திருட்டு, மோசடி, போலீஸ் என்று கத்திக்கொண்டே இருந்தாள். ஆவுடைத்தங்கத்துக்கு அதில் ஒன்றும் காதில் ஏறவில்லை. போன ஐப்பசி. போன ஐப்பசியில் அவர் வந்திருக்கிறார். மழைக்காலம் ஆச்சே, குடை கொண்டுவந்திருப்பாரா. இதைத்தான் நினைத்தாள். நிலம் போய்விட்டதே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் ஒரு பொம்பளை குடையை நினைத்தாள் என்று யாரிடம் சொல்ல முடியும். "எந்த ஊரு ஆபீசுல கையெழுத்துப் போட்டாகளாம்?" என்று கேட்டாள். போட்டாகளாம் என்று மரியாதை வைத்துக் கேட்டதில் உமா திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "எம்மா, அது அப்பா இல்ல."

அது அப்பா இல்லை என்று இவளுக்கு எப்படித் தெரியும். மூன்றாம் வகுப்புப் படிக்கிறபோது பார்த்த அப்பா. ஆவுடைத்தங்கம் மறுநாள் விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, பத்திரம் பதிவான ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாள். வேப்பமரம், வரிசையாகப் பத்திரம் எழுதுகிறவர்களின் மேசை, வடைக்கடை. கல்யாணப் போட்டோவை ஒவ்வொரு மேசையிலும் நீட்டினாள். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாலையும் கழுத்துமா இருக்கிற ஆள யாருக்கம்மா அடையாளம் தெரியும்? இது சந்த மாதிரி எடம். வருவாங்க, மையத் தொடுவாங்க, போவாங்க" என்றார். வடைக்கடைப் பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். இதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரா. பஜ்ஜி பிடிக்கும், வடை பிடிக்காது, வடை வாங்கியிருக்க மாட்டார். இங்கே வரைக்கும் வந்த மனுஷனுக்கு இன்னும் ஒரு பஸ் ஏறினால் வீடு. ஏறவில்லை. ஏறவில்லை என்றால் ஏறக்கூடாது என்று ஏதோ இருந்திருக்கும். நிலத்தை வித்திருக்கிறார் என்றால் அவருக்கு ஏதோ முடை. சீக்காக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்திருக்கலாம். அப்படி நினைக்கும்போது பயமாக இருந்தாலும் அந்தப் பயத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. சீக்கு வர உயிர் இருக்க வேண்டுமே. அந்த நினைப்பில் அவளுக்கு ஒரு குளிர்ச்சி. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே போகிற ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னல்களையும் வாசிப்பதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

போன அன்றைக்கும் பஸ்தான். குற்றாலிங்கம் மைக்செட் போடுகிறவர். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக்கூட்டம் எதுவானாலும் அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்தான் கட்டுவார்கள். செட்டைக் கட்டி முடித்ததும் மைக்கைத் தட்டி, அலோ, அலோ, சோதனை, சோதனை என்பார். அந்தக் குரலில் ஒரு கரகரப்பு, வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி. கல்யாணமான புதிதில் பக்கத்து ஊரில் கொடை என்றால் இவள் மாடியில் ஏறி நின்றுகொள்வாள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வயல் தாண்டி வரும், அலோ, அலோ. ஊருக்கே கேட்கிற சத்தம் அவளுக்கு மட்டும் சொல்கிற மாதிரி இருக்கும். ஒரு பங்குனியில் மேற்கே ஒரு கொடைக்குச் செட் கட்டப் போனார். முடிந்ததும் சாமான்களையெல்லாம் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். பெட்டி வந்தது, குழாய் வந்தது, சுருட்டின வயர் வந்தது. ஆட்டோக்காரன், "அண்ணாச்சி பின்னால பஸ்ல வாரேன்னாவ" என்றான். சண்டை இல்லை, கடன் இல்லை, இன்னொரு பொம்பளை என்று யாரும் வந்து சொல்லவில்லை. முந்தின நாள் உமாவுக்கு நகம் வெட்டிவிட்டார். ஏதாவது ஒரு காரணம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதோ திட்டியோ முடித்திருக்கலாம். பின்னால வாரேன் என்றவரை எப்படித் திட்டுவது. வந்துகொண்டிருக்கிறவரை எப்படி அழுவது. இப்போதும் எங்காவது ஒலிபெருக்கி சோதிக்கிற சத்தம் கேட்டால் கையிலிருக்கிற கரண்டி நின்றுவிடும். வேறு வேறு பையன்கள், வேறு வேறு குரல். ஒன்றுகூட அந்தப் பதத்தில் இல்லை.

கதவு திறந்து யாரோ வெளியே வந்தார்கள், யாரோ உள்ளே போனார்கள். நம்ம முறை இல்லை என்று வக்கீல் கையைக் காட்டினார். மனுஷர் பாவம், இவருடைய வாப்பா காலத்திலிருந்தே பழக்கம். அவர்தான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லாத ஆளை இறந்தவராக வைத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது, கோர்ட்டில் ஒரு மனு, அப்புறம் வாரிசுச் சான்று, பட்டா உங்கள் பேருக்கு மாறிவிடும் என்றார். இறந்தவராக வைத்துக்கொள்வதாம். பொம்மைக்குப் பேர் வைத்துக்கொள்கிற மாதிரி. "அவுக பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அன்றைக்கு. அப்படியே இருந்தது, வேலியில்லாமல், கேட்பாரில்லாமல், எருக்கஞ்செடியும் அவர் பேருமாக. அப்படிப்பட்ட இடத்தைத்தான் தேடித் திரிவார்கள் என்று பீர்முகம்மது இப்போது சொல்கிறார். உரிமைக்காரர் நடமாட்டம் இல்லாத மனை. மூலப் பத்திரத்துக்கு நகல் போட்டால் கையெழுத்துக் கிடைத்துவிடும், அதைப் பார்த்துப் பழகிக்கொள்வார்கள், வயசுக்குத் தோதாக ஒரு ஆளைப் பிடித்து நிறுத்துவார்கள். "முன்னால்லாம் சிவில் கோர்ட்டுல நம்ம ஆயுசு பூரா அலையணும் யக்கா. இப்ப ஆள்மாறாட்டம்னு தெரிஞ்சா மாவட்டப் பதிவாளரே பத்திரத்த ரத்து பண்ணலாம்னு சட்டம் வந்திருக்கு. சட்டம் இன்னைக்கு இருக்கு, நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போயி அதுவும் மாறும். சூட்டோட முடிச்சிரணும்." அவர் சொன்னதெல்லாம் புரிந்தது. புரியாதது ஒன்றே ஒன்று. கையெழுத்தில் கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடு இழுத்திருக்கிறதே, அது மூலப் பத்திரத்தில் இல்லையே. அவர் பால் கணக்கில்கூட அப்படித்தான் இழுப்பார். அதை அவள் வக்கீலிடம் சொல்லவில்லை. உமாவிடமும் சொல்லவில்லை. எல்லாரும்தான் கோடு இழுப்பார்கள் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

எதிர் நாற்காலியில் பால்துரை உட்கார்ந்திருந்தான். நிலத்தை வாங்கினவன். சவுதியில் டிரைவராக இருந்து சம்பாதித்ததை இங்கே போட்டவன், அவனும் ஏமாந்தவன்தான் என்று வக்கீலே சொல்லியிருந்தார். எதிர்த்தரப்போடு பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். முழங்காலில் கையை ஊன்றித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆவுடைத்தங்கம் அவனை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இவனைப் பார்க்கும்போது கோபம் வர வேண்டும். வரவில்லை. இந்தக் கண்ணு பார்த்திருக்கிறது. இந்தக் கண்ணு அந்த ஆளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. வக்கீல் செல்போனை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் நகர்ந்ததும் எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் பதறி விலகினான். "தம்பி, ஒண்ணு கேக்கட்டா. அவுகள நீங்க பாத்தீங்கள்லா?" "பாத்தேன்க்கா." "எப்படி இருந்தாக?" பால்துரை அவளை நிமிர்ந்து பார்த்தான். கேள்வி விளங்காதவன்போலப் பார்த்து, பிறகு விளங்கி, முகம் மாறியது. "மெலிஞ்சாப்ல இருந்தாருக்கா. நரச்சிருந்தது. வெள்ளச் சட்ட." "குரலு? குரலு எப்படி, கொஞ்சம் கரகரன்னு இருக்குமா?" "அவரு பேசவே இல்லக்கா. எல்லாம் புரோக்கர்தான் பேசுனான். எல்லாம் முடிஞ்சு வெளிய வரும்போதுதான் ஒருதரம் வாயத் தெறந்தாரு. பஸ்ஸு எப்ப வரும்னு கேட்டாரு." "எந்த ஊருக்குப் பஸ்ஸு?" "அத நான் கேக்கலியே." ஆவுடைத்தங்கம் அவன் கையைப் பிடித்துவிட்டாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. ஊரு பேரு ஏதும்?" அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "யக்கா, அது ஒங்க வீட்டுக்காரருதான்னு நான் சொன்னா எனக்குத்தான் லாபம். எம் பொண்டாட்டிகூட அப்படிச் சொல்லச் சொன்னா. ஒங்களப் பாத்தா வாய் வரல. எனக்குத் தெரியாதுக்கா. நெசமாவே தெரியாது" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. பஸ்ஸு எப்ப வரும். அவள் அந்த மூன்று சொல்லையும் வாய்க்குள் போட்டுக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினாள். தனக்குத் தெரிந்த கரகரப்பைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். பொருந்தியது. எந்தச் சொல்லில் சேர்த்தாலும் அது பொருந்தும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

பால்துரையையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். உள்ளே குளிர்சாதனக் காற்றும் பழைய காகித வாசனையும். பதிவாளர் அம்மாவுக்கு இவள் வயசுதான் இருக்கும், கழுத்தில் மெல்லிசாய் ஒரு சங்கிலி, தாலி தெரிந்தது. தன் தாலியை ஆவுடைத்தங்கம் சேலைக்குள் தொட்டுக்கொண்டாள். லைசென்ஸ் நகலைக் கேட்டார்கள், கல்யாணப் போட்டோவைக் கேட்டார்கள், இரண்டையும் மேசைமேல் வைத்தார்கள். போட்டோவில் இருபத்தாறு வயசுக் குற்றாலிங்கம் மாலைக்கு மேலே மோவாயைத் தூக்கிக்கொண்டு விறைப்பாக நின்றார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்று அந்த அம்மா திரையைத் திருப்பினாள். இணையம் மெதுவாக இருந்தது. படம் ஒரேயடியாக வரவில்லை, மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் முடி. நரைத்த முடி, இடது பக்கம் வகிடு. அவருக்கும் இடதுதான். இந்நேரம் நரைத்திருக்கும்தான். பிறகு நெற்றி. அகல நெற்றி, நடுவில் ஒரு சுருக்கம். இறைவா. வந்துட்டாக. நிலம் போகட்டும். உமாவிடம் பேசிக்கொள்ளலாம், காலில் விழுந்துகூடச் சொல்லிக்கொள்ளலாம், அப்பா இருக்காகட்டி, போன ஐப்பசியில இருந்திருக்காக, இனிமேத் தேடிரலாம். படம் புருவத்தில் வந்து நின்றது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வட்டம் நிற்காமல் சுற்றட்டும் என்று ஆசைப்பட்டாள், இந்த நெற்றியோடு நின்றுவிடட்டும், சாயங்காலம்வரை இப்படியே உட்கார்ந்திருக்கலாம். நெற்றியைத் திரையோடு தொட்டுவிடலாம்போல இருந்தது. பிறகு கண் இறங்கியது. யாரோ ஒருவருடைய கண். பயந்த, தூங்காத, யாரோ ஒரு ஆளுடைய கண். மூக்கும் வாயும் வந்தபோது அவள் பார்க்கவில்லை.

"சொல்லுங்கம்மா, இவரு உங்க வீட்டுக்காரரா?" பீர்முகம்மது பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தார். ஆமா என்று சொன்னால் என்ன. யார் மறுத்துச் சொல்ல முடியும், கட்டினவள் நான்தானே. ஆமா என்றால் சர்க்கார் புத்தகத்தில் அவர் போன ஐப்பசியில் உயிரோடு நடந்துவந்து, மையைத் தொட்டு, பஸ் எப்போது வரும் என்று கேட்டவராக இருப்பார். எழுத்தில் அப்படி நின்றுவிடும். ஒருத்தரும் அப்புறம் ஏழு வருஷக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். இல்லை என்றால் ஐப்பசி போய்விடும். வடைக்கடைப் பெஞ்சு போய்விடும், குடை போய்விடும், நகலின் கருப்புக்குள் இருந்த சிரிப்பு போய்விடும். இந்த ஆறேழு மாதமும் அவரோடு குடித்தனம் நடத்தின மாதிரி இருந்ததே, அதுவும் போய், மறுபடியும் லோடு ஆட்டோ வந்து நின்ற அந்தச் சாயங்காலத்தில் போய் நிற்க வேண்டும். திரையிலிருந்த ஆள் அவளையே பார்த்தான். இவன் யாருடைய புருஷனோ. எவனோ கூட்டிக்கொண்டுவந்து வெள்ளைச் சட்டை மாட்டி நிறுத்தியிருக்கிறான். இவன் வீட்டில் இவன் பெண்டாட்டி இவனை எங்கே போனீர் என்று கேட்டிருப்பாள். இவன் பஸ் ஏறி அவளிடம் போய்ச் சேர்ந்திருப்பான். உமா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "எம்மா, நீ சொல்லிருவேல்லா?" என்று கேட்டாள். அவ்வளவு கெட்டிக்காரிக்கு அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. அப்பா இல்லாமலே வளர்ந்த பிள்ளை, ஒருநாள்கூட அப்பா எங்கே என்று இவளைக் குடையாத பிள்ளை. "இல்ல" என்றாள் ஆவுடைத்தங்கம். "கொஞ்சம் சத்தமாம்மா, பதிவு பண்ணணும்." ஒருதரம் போதாதா என்று இருந்தது. "இவுக எங்க வீட்டுக்காரக இல்ல" என்று சத்தமாகச் சொன்னாள். குரல் நடுங்காமல் வந்ததில் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பதிவாளர் அம்மா லைசென்ஸ் படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பால்துரையிடம் கேட்டாள். அவன் கல்யாணப் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேற ஆளுதான் மேடம்" என்று மட்டும் சொல்லி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். புரோக்கர்மேல் போலீசில் புகார் கொடுக்கச் சொன்னாள் அந்த அம்மா. பிறகு ஆவுடைத்தங்கத்தைப் பார்த்து, "ஆள்மாறாட்டம் தெளிவாத் தெரியுது. பத்திரத்த ரத்து பண்ணி எழுதிடுறேன். நிலம் பழையபடி உங்க வீட்டுக்காரர் பேருக்கே வந்துடும்மா" என்றாள். பீர்முகம்மது பெருமூச்சு விட்டார். எழுதப் போனவள் பேனாவை நிறுத்தினாள். "எழுதிக் கொடுத்தவர் தரப்பு?" "நோட்டீசு திரும்பிட்டு மேடம். அந்த விலாசத்துல அப்படி ஆளே இல்லன்னு" என்றார் கதவருகே நின்ற அலுவலக உதவியாளர். "சரி, முறைக்கு மூணு தடவ கூப்பிட்டுருங்க." அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நடையைப் பார்த்து, பழகின, ஏற்ற இறக்கமில்லாத குரலில் கூப்பிட்டார். "குற்றாலிங்கம். குற்றாலிங்கம். குற்றாலிங்கம்." ஆவுடைத்தங்கம் வெடுக்கென்று திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பேரை வாய்விட்டு யாரும் கூப்பிட்டதில்லை. உமா அப்பா என்பாள், வக்கீல் உங்க வீட்டுக்காரர் என்பார், அவள் அவுக என்பாள். பேர் ஒரு ஆள் மாதிரி நடையில் இறங்கிப் போயிற்று. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்ததுபோல இருந்தது, வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார். "ஆஜர் இல்லை" என்று பதிவாளர் அம்மா சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினாள். உதவியாளர் கதவை விட்டார். கதவு தானாக மூடிக்கொண்டு வந்தது.

"அம்மா" என்றாள் ஆவுடைத்தங்கம். எழுந்து நின்றிருந்தாள், எப்போது எழுந்தோம் என்று தெரியவில்லை. "இன்னொரு தடவ கூப்பிடச் சொல்லுங்கம்மா."

பீர்முகம்மது, "யக்கா" என்று மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டார். பதிவாளர் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை மூடிவைத்துவிட்டு உதவியாளரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் இந்தத் தடவை கதவோடு நிற்கவில்லை. நடையைத் தாண்டிப் போய், படி முடிகிற இடத்தில் தெருவைப் பார்த்து நின்று, ஒருதரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கேயோ தூரத்தில் போய்க்கொண்டிருக்கிற ஒருவரைத் திருப்பிக் கூப்பிடுகிறவர் மாதிரி நீட்டிக் கூப்பிட்டார்.

"குற்றாலிங்கம் அண்ணாச்சீ!"